பத்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு

என் பணி ஓய்வு விழாவுக்கு அடித்த பேனரில், என் பெயருக்கு முன்னால் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுவிட்டார்கள். சிதம்பரத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம். மாலை, சால்வை, கேக் எல்லாம் தயார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. "முதல்ல அந்த வார்த்தை மேல பேப்பர ஒட்டுங்க, அப்புறம் உக்காருறேன்" என்று நின்றுவிட்டேன். அலுவலக முதலாளி ஷாஜகான் ஓடி வந்தார். முதலாளி என்றாலும் எனக்குத் தம்பி மாதிரி, வயதில் ரொம்பச் சின்னவர்.

"ஆசையா போட்டோம்க்கா. யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேக்குறேன் தம்பி."

சட்டப்படி, பதிவு செய்துகொள்ளாத ஒருத்தர் அந்தப் பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளக் கூடாது. நான் வாழ்நாள் முழுக்க வீடும் கடையும் பள்ளிக்கூடமுமாக வரைந்து தள்ளியவள். ஆனால் ஆர்க்கிடெக்ட் இல்லை, டிராஃப்ட்ஸ்வுமன். கடைசியில் கேக் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து அந்த வார்த்தையை மறைத்தார்கள். போட்டோவில் என் தலைக்கு மேல் பேக்கரியின் பெயர் பாதி தெரிகிறது.

அலுவலகத்துப் பிள்ளைகள் அன்றைக்குக் கேட்டார்கள், "ஏன் மேடம், இவ்ளோ தெரிஞ்சும் நீங்க ஏன் ரிஜிஸ்டர் பண்ணல?" இப்போது கட்டட அனுமதியெல்லாம் கம்ப்யூட்டரில். பதிவு எண்ணைத் தட்டாவிட்டால் அடுத்த பக்கமே திறக்காது. பதிவு இல்லாமல் ஒரு மனுஷி இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாள் என்று அவர்களுக்கு ஆச்சரியம். கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சொல்கிற கதையா அது? அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரி. பள்ளிப் படிப்பு, பாலிடெக்னிக்கில் டிப்ளமா, மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆர்க்கிடெக்ட் சாருடைய அலுவலகத்தில் வரைபடங்களைப் படியெடுக்கிற டிரேசிங் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. டிரேசிங் பேப்பரில் மை சிந்தினால் பிளேடால் சுரண்டுவோம். ரொம்பச் சுரண்டினால் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான் என் இளமைக் காலம்.

காலேஜுக்குப் போகாமலே ஆர்க்கிடெக்ட் ஆக அப்போது ஒரு வழி இருந்தது. பதிவு பெற்ற ஒருவரிடம் வேலை பார்த்துக்கொண்டே பகுதி பகுதியாகப் பரீட்சை எழுதலாம். வெறும் எழுத்துப் பரீட்சை மட்டும் இல்லை. பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைந்து அனுப்ப வேண்டும், வீடு வரைய வேண்டும், தண்ணீர்க் குழாய் ஓட்டம் வரைய வேண்டும். யாரிடம் வேலை பார்க்கிறோமோ அவர் ஒவ்வொரு ஷீட்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் ஒரு பெரிய திட்டம். அந்த ஷீட்டுகளைச் சுவரில் குத்தி வைத்துக்கொண்டு, சென்னையில் நேர்முகத் தேர்வு. அதில் தேறினால் பதிவு.

காலேஜில் ஐந்து வருஷத்தில் முடிகிற படிப்பு. எனக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனார் காரியம், அலுவலகத்தில் அவசரம் என்று இழுத்து இழுத்துப் பத்து வருஷத்தைத் தாண்டியது. பழைய கட்டடத்துக்காக நான் அளந்தது திருவதிகைப் பக்கம் ஒரு பாழடைந்த சத்திரம். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் எங்க வீட்டுக்காரர். "ஞாயித்துக்கிழமை சர்ச்சு பூசைக்குப் போகாம வௌவாலுக்கு வீடு அளந்துகிட்டு இருக்கோம்" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பிடித்தார். பிடித்தாரே, அதைச் சொல்ல வேண்டும்.

ஷாஜகானைப் பார்த்தது அந்தப் பரீட்சை ஹாலில்தான். லால்பேட்டைக்காரர். சிதம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் என் மாதிரியே வரைகிற வேலை. அவருக்குக் கணக்கு வரும், கட்டடக்கலை சரித்திரம் வரவே வராது. எனக்கு அது தலைகீழ். ஞாயிறு மதியத்துக்கு மேல் நான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போவேன், அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் படிப்போம். "அக்கா, இந்தக் கோபுரமெல்லாம் எந்த ராஜா கட்டுனா நமக்கென்னக்கா, நிக்குதுல்ல?" என்று அலுத்துக்கொள்வார். 2004 முடிகிற நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்துப் பகுதி எல்லாம் முடிந்து, கடைசித் திட்டமும் நேர்முகமும்தான் பாக்கி. அந்த டிசம்பரில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் குடும்பத்தார் இதே ஊரில் இருக்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். நல்ல ஆர்க்கிடெக்ட். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் வந்ததும் நான் வரைந்து வைத்த ஷீட்டை மேஜையில் விரித்து, ஆள்காட்டி விரலை வெளிக்கேட்டில் வைப்பார். விரல் விருந்தாளி மாதிரி நடக்கும். கேட்டைத் தாண்டி, படி ஏறி, வாசலில் நிற்கும். "செருப்பை எங்க விடுறது?" விரல் உள்ளே போகும். "குளிச்சிட்டு ஈரத் தலையோட இந்தப் பொம்பள ஹாலைத் தாண்டித்தான் போவணுமா? ஹால்ல மாப்பிள்ளை உக்காந்திருந்தா?" இப்படி ஒரு வீட்டையே விரலால் நடந்து முடித்துவிடுவார். தப்பு எங்கே என்று அந்த விரல் நிற்கிற இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் 'மாத்து' என்று சொல்ல மாட்டார். 'இப்படிச் செய்' என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்தது இல்லை. விரலை எடுத்துக்கொண்டு, "உனக்கு எப்படித் தோணுது?" என்பார். நான் ஏதாவது சொல்வேன். "அப்ப அப்படியே செய்" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்வார். முதல் சில வருஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. நம்மையும் மதித்துக் கேட்கிறாரே! சரியாக வந்தால் அவர் பெயர், சொதப்பினால் எனக்குத் தோன்றியது என்று ஆகிவிடும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுக்கிற பாரம் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

கடல் வந்துபோன சில மாதத்தில் ஒரு தொண்டு நிறுவனம் சாரிடம் வந்தது. கடற்கரைக் குப்பம் ஒன்றுக்கு, கரையிலிருந்து தள்ளி, முப்பது சொச்சம் வீடு கட்ட வேண்டும். சார் என்னைப் பார்த்தார். எனக்குத் தோன்றியதை வரைந்தேன். வலை போட்டுச் சரிசெய்ய முன்னால் ஒரு தாழ்வாரம், ஒரு ஹால், படுக்க ஒரு அறை, சமையலறை, கக்கூஸ் வீட்டை ஒட்டாமல் பின்னால். படுக்கிற அறை பத்துக்குப் பத்து.

அந்தப் பத்து ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் வீடு வரைகிற எல்லோருக்கும் மனையடி சாஸ்திரம் மனப்பாடம். அறையின் உள்அளவு இத்தனை அடி இருந்தால் நல்லது, இத்தனை இருந்தால் ஆகாது என்று தினக்காலண்டர் அட்டையின் பின்பக்கத்திலேயே போட்டிருப்பான். எட்டு நல்லது, பத்து நல்லது, ஒன்பது ஆகாது. நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் என் கை ஒன்பதடி அறை வரையாது. வீடு கட்டுகிறவர் கேட்டு மாற்றச் சொல்வதற்கு முன்னால் நாமே போட்டுவிட்டால் ஒரு ஷீட் மிச்சம் என்கிற பழக்கம்.

இங்கேதான் சிக்கல். எங்கள் அலுவலகத்தில் அளவு போடுவது செங்கல் சுவருக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில். பூச்சு கணக்கில் வராது. கடலூர்க் கொத்தனார்களுக்கு அது தெரியும். பத்தடி என்று போட்டிருந்தால், சுவர் எழுப்ப நூல் பிடிக்கும்போதே பூச்சுக்கு ஒன்றரை அங்குலம் கூட்டித்தான் பிடிப்பார்கள். நாங்கள் சொன்னதும் இல்லை, அவர்கள் கேட்டதும் இல்லை. அப்படியே காலம் காலமாக ஓடியது. இந்த வீடுகளைக் கட்ட வந்த கான்ட்ராக்டரோ கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஆட்களையும் அங்கிருந்தே கூட்டி வந்திருந்தார். சுத்தமான வேலைக்காரர். ஷீட்டில் பத்து என்று இருந்தால் பத்துதான் கட்டுவார். செங்கலுக்குச் செங்கல் சரியாகப் பத்தடி கட்டி, மேலே இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் பூசினார். நான் வாரா வாரம் போய்ப் பார்த்தேன். அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட் எல்லாம் பார்த்தேன். பூச்சுக்கு முன்னால் டேப் வைத்ததும் சரியாகத்தான் இருந்தது.

2006, ஐப்பசி பிறக்கப் போகிற நேரம். சாவி கொடுக்க நாள் குறித்தாகிவிட்டது. நான் போனபோது பெண்கள் எல்லோரும் ஒரு வீட்டு வாசலில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அஞ்சலை, கையில் டேப்போடு. அவள் சின்னப் பெண்ணைக் கடல் கொண்டுபோயிருந்தது. மிச்சம் ஒரே மகன்.

"இன்ஜினியரம்மா, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குப்பத்தில் எல்லோருக்கும் நான் இன்ஜினியரம்மா. ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறு முனையை அடுத்த சுவரில் வைத்தாள்.

"பத்தைத் தொட்டுச்சா?"

"ஒரு அங்குலம்தான்ம்மா குறையுது."

"தொட்டுச்சா, தொடலயா?"

"தொடல."

"தொடலன்னா அது ஒம்போதுதான? ஒம்போதுக்கு இன்னா போட்டிருக்குது, நீயே படி." காலண்டர் அட்டையை நீட்டினாள். நான் வாங்குவதற்குள் அவளே சொன்னாள். "ஆயுசு கொறையுமாம். ஏம்மா, எனக்கு மிச்சம் இருக்கிறது ஒருத்தன். அவனை இதுல படுக்க வைக்கச் சொல்றியா?"

ஒருத்தியும் சாவி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அப்போது அவர்கள் இருந்தது தார் ஷீட் கொட்டகைகளில். வெயிலில் அடுப்பு, மழையில் குட்டை. அதிலேயே இருக்கிறோம், இந்த வீடு வேண்டாம் என்றார்கள். தொண்டு நிறுவனத்து ஆள், "இதெல்லாம் மூடநம்பிக்கை, ரெண்டு மழை பேஞ்சா தானா வருவாங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் மூடநம்பிக்கை என்று சொல்ல இவர் யார்? கான்ட்ராக்டரைக் கேட்டால், "டிராயிங்ல என்னங்க இருக்குது? செவுத்துக்குச் செவுரு பத்து. நான் பத்து கட்டியிருக்கறேன்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். பூச்சை ஒருத்தரும் எழுதவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் அதை யாரும் எழுதியதே இல்லை.

சாரிடம் வந்து சொன்னேன். "ஒரு அங்குலத்துக்கா?" என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "உனக்கு எப்படித் தோணுது?" என்றார்.

எனக்குத் தோன்றியது இதுதான். அந்த அறையின் நாலு சுவரிலும் பூச்சை உரித்துவிடுவது. செங்கல் இடுக்குகளை மட்டும் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே வெள்ளை அடிப்பது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பத்து வரும். கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார், இரண்டு கண்டிஷனோடு. அவர் ஆட்கள் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புவதற்குள் முடிய வேண்டும். போனால் கார்த்திகையில்தான் திரும்புவார்கள். அடுத்தது, அலுவலகத்திலிருந்து ஒருத்தர் கூடவே நின்று, எங்கே உரிப்பது, எங்கே கொத்துவது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். பெண்களும் அதையே சொன்னார்கள். "நீ நின்னாதான் ஒத்துக்குவோம். இல்லன்னா பெரியவர் வரட்டும். அவனுங்களே அளந்து அவனுங்களே பத்துன்னு சொல்றதெல்லாம் வேலைக்கு ஆவாது." பெரியவர் என்றால் சார்.

என் நேர்முகத் தேர்வு அதற்கு அடுத்த வாரத்தில். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டை மழை ஒழுகாமல், மீன் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று எப்படித் திருப்பிக் கட்டலாம் என்று நான் வரைந்த திட்டம். ஷீட்டெல்லாம் தயாராகி, சுருட்டி, பிளாஸ்டிக் குழாயில் போட்டு, பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தேன். ஷாஜகானுக்கும் அதே நாள்.

வேலையைத் தொடங்கினோம். பூச்சை உரிப்பது சின்ன வேலை இல்லை. கீழிருந்து உரித்தால் மேலே இருப்பது பாளமாகத் தலையில் விழும். மேலிருந்து கை அகலம் கை அகலமாக இறங்க வேண்டும். உளியைச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் செங்கல் உடைந்துவிடும். உரித்த பிறகு நான் டேப்பும் சாக்கட்டியுமாக நிற்பேன். செங்கல் துருத்திக்கொண்டு நிற்கிற இடத்தில் வட்டம் போடுவேன், கொத்தனார் அதை மட்டும் கொத்துவார். பிறகு இடுக்கைச் சுரண்டி சிமெண்ட் அடைத்து, காய்வதற்குள் சாக்குத்துணியால் தேய்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும், அந்த வீட்டுக்காரி டேப்பின் பூஜ்ய முனையைத் தன் கையாலேயே சுவரில் அழுத்திப் பிடிப்பாள், நான் மறுமுனையைப் படிப்பேன். இது அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். பத்தும் ஒரு நூலும், பத்தும் இரண்டு நூலும் என்று வரும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு நூலுக்கு அவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை நான் வீடு கட்ட வந்த வேறு யார் முகத்திலும் பார்த்தது இல்லை.

வேலை பாதி ஆகியிருந்தது. இன்னும் இரண்டு நாளில் நான் சென்னையில் இருக்க வேண்டும். சாரிடம் போய் நேராகவே கேட்டேன்.

"சார், மூணு நாள் நீங்க குப்பத்துக்குப் போய் நின்னா போதும். நாற்காலி போட்டு உக்காந்தா போதும். நான் பரீட்சைக்குப் போயிட்டு ஓடி வந்துடுறேன்."

செய்தித்தாளை மடித்தார். முட்டியைத் தடவினார். வாசலில் அவருடைய கார் நின்றது, டிரைவர் நின்றார். குப்பம் என்ன கடல் தாண்டியா இருக்கிறது?

"மணல்ல நடக்கணுமேம்மா" என்றார். பிறகு, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றார். செய்தித்தாள் மறுபடி விரிந்தது.

'போகாதே' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். 'போ, நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டும் இல்லாமல் என் தலையில் வைத்துவிட்டார்.

குப்பத்துக்குப் போனேன். வானம் மூடிக்கொண்டு வந்தது. அஞ்சலையிடம் சொன்னேன். "போயிட்டு வாம்மா, பரீட்சைதான முக்கியம்" என்றுதான் சொன்னாள், பாவம். கான்ட்ராக்டரின் மேஸ்திரிதான், "மூணு நாள் சும்மா உக்காரச் சொன்னா ஆளுங்க நிக்க மாட்டாங்க மேடம், பெட்டி கட்டிடுவாங்க" என்றார். அஞ்சலை வீடு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. கொட்டகைக்குள் புகுந்த மழையில் ஊறிய பாயை அவள் கல்லில் போட்டுக் காய வைத்திருந்தாள்.

சென்னைக்குப் போகும் நாள் விடிகாலை, ஷாஜகான் வருகிற பஸ்ஸைப் பார்க்கக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், கையில் ஷீட்டுக் குழாயோடு. பஸ் நின்றதும் இறங்கி வந்தார்.

"ஏறுங்கக்கா. சீட்டு போட்டு வச்சிருக்கேன்."

"நான் வரல தம்பி. அடுத்த தடவ பாத்துக்கிறேன்."

"அக்கா, பைத்தியமா உங்களுக்கு? செவுரு எங்கயும் ஓடிப்போவாது. ஏறுங்கக்கா!" அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கண்டக்டர் விசில் அடித்தார். "சரி, ஷீட்டையாவது குடுங்க, நான் காட்டிப் பாக்குறேன்" என்று குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். பஸ் போய்விட்டது. நான் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனேன்.

சென்னையில், ஆள் இல்லாமல் ஷீட்டைப் பார்க்க மாட்டோம், அடுத்த முறை வரச் சொல்லுங்கள் என்றார்களாம். நல்லவிதமாகத்தான் சொன்னார்களாம். ஷாஜகான் தேறிவிட்டார். குழாயை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தையே அவர் பார்க்கவில்லை. நான்தான் தேற்றினேன். "அடுத்த தடவ எழுதிட்டுப் போறேன், விடுங்க தம்பி."

தீபாவளிக்கு முன்னால் வேலை முடிந்தது. அஞ்சலை வீட்டில் பத்தும் இரண்டு நூலும் வந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பால் காய்ச்சி முதல் டம்ளரை எனக்குத்தான் கொடுத்தாள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். எங்க வீட்டுக்காரரிடம் ராத்திரி முழுக்க அதையே பேசினேன்.

அடுத்த முறை என்று ஒன்று எனக்கு வரவில்லை. அதற்குள் விதி மாறிவிட்டது. இனிமேல் காலேஜில் ஐந்து வருஷம் படித்தவர்களுக்குத்தான் பதிவு, முடிக்காதவர்களுக்குப் பழைய வழி கிடையாது என்றார்கள். எழுதிக் கேட்டேன், நேரில் போய்க் கேட்டேன். ஒருத்தரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. எல்லோரும் உட்கார வைத்துத்தான் இல்லை என்றார்கள். சரி, காலேஜிலேயே சேர்ந்துவிடலாம் என்று ஒரு நாள் விசாரிக்கப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பிள்ளை விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டே, "பையனுக்கா மேடம், பொண்ணுக்கா?" என்று கேட்டது. "பொண்ணுக்குத்தான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் தாண்டியதும் அதைக் கிழித்துப் போட்டேன்.

சாரிடம் சொன்னபோது, "அடடா" என்றார். பிறகு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, பேப்பர் எதுக்கும்மா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "பேப்பர் எதுக்குன்னா, நான் வரையுற ஷீட்டுல உங்க பேருக்குக் கீழ நம்பர் எதுக்கு சார் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். நானும் அதற்குப் பிறகு நாலு வருஷம் அங்கேயேதான் வேலை பார்த்தேன். எங்கே போவது?

2011 கடைசியில் வந்த புயல் கடலூரைப் பிய்த்துப் போட்டது ஊருக்கே தெரியும். புது வருஷம் பிறந்து சில வாரத்தில் அதே தொண்டு நிறுவனம், குப்பத்து வீடுகளுக்கு என்ன சேதம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னது. நான் போனேன். வீடுகள் திடமாக நின்றன. தாழ்வாரத்துக் கூரை ஷீட்டுகள்தான் பறந்திருந்தன. அஞ்சலை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்ஜினியரம்மா! உள்ள வந்து பாரு, எப்படிப் பண்ணி வச்சிருக்கேன்னு."

அவள் வீட்டுக்காரர் வளைகுடாப் பக்கம் மீன்பிடிக்கப் போய்ச் சம்பாதித்து அனுப்புகிறாராம். படுக்கிற அறைக்குள் கூட்டிப் போனாள். நாலு சுவரும் புதுசாகப் பூசி, இடுப்பு உயரத்துக்குப் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேல் ரோஸ் பெயிண்ட். மீசை அரும்பிய மகன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "அளந்து பாத்தியா அஞ்சல?"

"எதை?"

"ரூமை. பூச்சும் டைல்சும் போட்டா பத்து இருக்காதே."

ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. "ஐயோ, அதுவா! அது அப்பம்மா. அப்ப வயித்துல ஒரே பயம். இப்ப யாரு அளக்குறா? டைல்சு நல்லா இருக்குதுல்ல?"

"நல்லா இருக்குது" என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம் போய்விட்டது, பிள்ளை வளர்ந்துவிட்டான், அதற்குத்தானே வீடு? மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தாள். சாப்பிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் புயலில் யாராவது போய்விட்டார்களா என்று கேட்டார்.

சாருக்கு உடம்பு தள்ளவில்லை, அந்த வருஷமே அலுவலகத்தை மூடினார். கடைசி நாள் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல், "அன்னைக்கு நான் போயிருக்கணும், ஸ்டெல்லா" என்றார். எந்த அன்றைக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஆமா சார், போயிருக்கணும்" என்றேன். 'பரவாயில்ல சார்' என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.

ஷாஜகான் அதற்குள் சிதம்பரத்தில் சொந்த அலுவலகம் போட்டிருந்தார். வீட்டுக்கே வந்து, "அக்கா, நம்ம ஆபீசுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். போனேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். நான் வரைவேன், அவர் கையெழுத்துப் போட்டு அவர் எண்ணை எழுதுவார். ஒரு தடவைகூட என் முன்னால் அவர் கையெழுத்துப் போட்டது இல்லை. நான் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் போடுவார். அவ்வளவு நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் எனக்கு ஜாஸ்தி வலித்தது.

இதை யாரிடம் சொன்னாலும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "அந்த நாள் திரும்ப வந்தாலும் நீங்க அதையேதான செய்வீங்க?" கேட்கும்போதே கண்ணில் ஒரு பளபளப்பு. 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும், அவர்கள் மனம் நிறைந்து வீட்டுக்குப் போக வேண்டும். போன வருஷம்வரை நானும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செய்ய மாட்டேன். பஸ் ஏறிவிடுவேன். ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அஞ்சலை கார்த்திகை வரைக்கும் அந்தக் கொட்டகையிலேயே இருந்திருப்பாள், நனைந்திருப்பாள், என்னை வாய் ஓயாமல் திட்டியிருப்பாள். நான் சென்னையிலிருந்து திரும்பி வந்து, அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, மழை விட்டதும் அவள் வீட்டுச் சுவரை உரித்திருப்பேன், ஆர்க்கிடெக்டாக.